முதல் வின்ரர்: யன்னலை அடைச்சால் மட்டும் காணுமோ?

கேள்வி: செப்ரெம்பர் 22, 2024

இந்தக் கோடையிலதான் ரொறன்ரோவில, ஸ்காபரோவில வீடு வாங்கினனாங்கள். இவ்வளவு காலமும் அப்பாட்மென்ற்தான், தனி வீட்டில இது முதல் வின்ரர். 70களில கட்டின வீடு. காஸை எரிச்சு வீடு முழுக்கச் சூட்டுக்காத்து ஊதுற ஃபேர்னஸ்தான் இருக்குது. பேஸ்மென்ரில ஒரு குடும்பம் வாடகைக்கு இருக்கினம். மாமா வந்து சுத்திப் பாத்திட்டு, "யன்னல் எல்லாத்துக்கும் பிளாஸ்ரிக் ஒட்டு. ஃபேர்னஸ் அறைக்குள்ள ஒரு ஓட்டையால குளிர்காத்து வருது, அதை அடை. பாவிக்காத அறையளில சூட்டுக்காத்து வாற வென்ற் எல்லாத்தையும் மூடு. காஸ் பில் பாதியாகும்" எண்டு சொன்னார். இவ்வளவும் செய்தால் காணுமோ?

செப்ரெம்பர் 22, இரவு

ஃபேர்னஸ் அறை ஓட்டையை அடைக்க வேண்டாம். அடைச்சிருந்தால் இப்பவே போய் எடுத்து விடுங்கோ. மிச்சம் நாளைக்கு எழுதுறன்.

செப்ரெம்பர் 23

உங்கட மாமா சொன்னதைத்தான் எங்கட ஆக்கள் கனபேர் செய்யினம். அதால கொஞ்சம் விளக்கமா எழுதுறன்.

ஃபேர்னஸ் அறைக்குள்ள வெளிச்சுவரில இருந்து வெள்ளி நிறத்தில, பஞ்சு சுத்தின தடிச்ச பைப் ஒண்டு இறங்கி நிலத்துக்குக் கிட்ட நிக்கும். சில வீடுகளில அது ஒரு பிளாஸ்ரிக் வாளிக்குள்ள முடியும். தை மாதம் அதுக்குக் கிட்டக் கையை வைச்சால் விரல் விறைக்கும். காசு குடுத்துச் சூடாக்கிற வீட்டுக்குள்ள ஏன் குளிரை விடுறாங்கள் எண்டு யாருக்கும் தோன்றும். ஆனால் அது கவனக்குறைவால விட்ட ஓட்டை இல்லை. காஸ் எரியக் காத்து வேணும். பழைய வகைச் சுடுதண்ணி ராங்க் அந்த அறைக்குள்ள இருக்கிற காத்தை எடுத்து எரிஞ்சு, புகையைச் சிம்னியால மேல அனுப்பும். அதுக்குக் காத்து வாற வழிதான் அந்தப் பைப். வாளி வைச்சதுக்கும் காரணம் இருக்குது. குளிர்காத்து பாரமானது. வாளிக்குள்ள தங்கி நிண்டு, தேவைப்படேக்க மட்டும் வழிஞ்சு வரும்.

இதை அடைச்சுப் போட்டு, மேல குசினி ஃபான், குளியலறை ஃபான், உடுப்பு ட்ரையர் எல்லாத்தையும் ஒரே நேரத்தில ஓட விடுங்கோ. மூண்டும் வீட்டுக் காத்தை வெளிய தள்ளுற சாமான்கள். போன காத்துக்குப் பதில் காத்து எங்கயாலயோ வரத்தான் வேணும். வேற வழி இல்லாட்டி அது சிம்னியால கீழ இறங்கும். மேல போக வேண்டிய புகை வீட்டுக்குள்ள திரும்பும். அதில காபன் மொனொக்சைட் எண்ட நச்சுவாயு இருந்தால் மணத்தாலயோ நிறத்தாலயோ கண்டுபிடிக்க ஏலாது. தலையிடி, சத்தி, அசதி, பிறகு எழும்ப ஏலாத நித்திரை.

எங்கட சொந்தக்காரர் ஒருத்தரின்ர வீட்டு பேஸ்மென்ரில இந்தப் பைப்புக்குள்ள பழைய சாரம் ஒண்டைச் சுருட்டி அடைஞ்சு, மேல டக்ற் ரேப் ஒட்டியிருந்ததை நான் கண்ணால கண்டனான். நீலக்கோடு போட்ட சாரம். கீழ இருந்த பிள்ளையளுக்கு விடியக் காலமை தலையிடி. தடிமன் பிடிச்சிட்டுது எண்டு தாய் மருந்து குடுத்துக்கொண்டு இருந்தா. பள்ளிக்கூடம் போனால் தலையிடி நிண்டிடும், வீட்டுக்கு வந்தால் திரும்பத் தொடங்கும். அந்தச் சாரத்தை இழுத்து எடுத்து, ரெக்னீசியனைக் கூப்பிட்டுப் பாத்தால், ராங்கின்ர புகை அறைக்குள்ள திரும்பிக்கொண்டு இருக்குது. பிள்ளையள் தப்பினது பெரும் புண்ணியம்.

நீங்களே ஒருக்கால் பாக்கலாம். சுடுதண்ணி ராங்க் எரியிற நேரம் கதவு யன்னல் எல்லாம் மூடி, குசினி ஃபானையும் ட்ரையரையும் போடுங்கோ. ராங்கின்ர தலையில, சிம்னிப் பைப் தொடங்கிற இடத்தில குடை மாதிரி ஒரு தகடு இருக்கும். எரிய விட்டு அஞ்சு நிமிசத்தால அதுக்குப் பக்கத்தில ஊதுபத்தி ஒண்டைப் பிடியுங்கோ. புகை உள்ளுக்கு இழுபட்டால் நல்லது. உங்கட முகத்துக்குத் திரும்பி வந்தால் ராங்கை நிப்பாட்டிப் போட்டு ஆளைக் கூப்பிடுங்கோ.

செப்ரெம்பர் 23, பின்னேரம்

மேல உள்ளதைப் படிச்ச ஒரு தம்பி, "இப்ப வாற ஃபேர்னஸுக்கு வெள்ளைப் பிளாஸ்ரிக் குழாய் ரெண்டு வெளிச்சுவரால போகும், அது தன்ர காத்தை வெளியால எடுக்கும், உந்த ஓட்டை தேவையில்லை" எண்டு எழுதியிருக்கிறார். சரியான கதை. ஆனால் ஃபேர்னஸ் புதுசா இருக்க, சுடுதண்ணி ராங்க் பழைய வகையா இருக்கிற வீடு ஸ்காபரோவில நிறைய. ரெண்டும் தனக்குத் தானே காத்து எடுக்கிற வகையெண்டால்தான் அந்தப் பைப்பை மூடலாம். அதையும் லைசன்ஸ் உள்ள காஸ் ரெக்னீசியன் பாத்துச் சொல்ல வேணும். சொந்தக்காரர் சொல்லி மூடுற விசயம் இல்லை.

வென்ற் மூடுற கதை. ஒண்டு ரெண்டு பாதி மூடலாம். பாதி வீட்டை மூடினால் ஃபேர்னஸ் ஊதுற காத்து போக இடமில்லாமல் உள்ளுக்கையே சூடு ஏறி, ஃபேர்னஸ் தானா நிண்டு நிண்டு எரியும். மூடின அறையின்ர வெளிச்சுவருக்குள்ள தண்ணிப் பைப் இருந்தால் அது உறையிற சாத்தியமும் இருக்குது. பில் பாதியாகாது.

செப்ரெம்பர் 29

கறிவேப்பிலை பற்றி மூண்டு பேர் கேட்டிருக்கிறியள். வின்ரருக்கு வீட்டை ஆயத்தப்படுத்திற கதையில இதுவும் சேர்த்திதான். என்னைக் கேட்டால் முதல் வேலையே இதுதான்.

இரவு 10 பாகைக்குக் கீழ போகத் தொடங்க முதல் சட்டியை உள்ளுக்குக் கொண்டு வாங்கோ. முதல் உறைபனி விழட்டும் எண்டு பாத்துக்கொண்டு இருந்தால் ஒரு இரவில இலை எல்லாம் கறுத்துப் போயிடும். கொண்டு வர முதல் இலையின்ர பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கோ. நரம்போட ஒட்டினபடி மண்ணிறப் பொட்டுப் பொட்டாய் இருந்தால் அது செதில்பூச்சி. நகத்தால சுரண்டினால் கழண்டு வரும். அதோட உள்ளுக்கு வைச்சால் வின்ரர் முழுக்கப் பெருகி மற்றச் செடிக்கும் போகும். சவர்க்காரத் தண்ணியால இலை, தண்டு எல்லாம் துடைச்சு, நல்ல தண்ணியால கழுவிப் போட்டுத்தான் உள்ளுக்கு எடுக்க வேணும்.

தெற்குப் பக்க யன்னல் நல்லது. ஆனால் ஹீற் வாற வென்றுக்கு மேல வைக்காதேங்கோ. இலை கொட்டினால் தண்ணி காணாது எண்டு நினைச்சு ஊத்துறவைதான் கூட. குளிர் காலத்தில அது வளராமல் ஓய்வெடுக்கும், குடிக்கிறதும் குறைவு. மேல்மண் விரலுக்குக் காய்ஞ்சு தெரிஞ்சால் மட்டும் ஊத்துங்கோ. மார்கழியில மொட்டைத் தடியாய் நிண்டாலும் எறிய வேண்டாம். தண்டை நகத்தால கீறிப் பாருங்கோ, உள்ளுக்குப் பச்சை இருந்தால் சித்திரையில துளிர்க்கும்.

ஒக்ரோபர் 12

இண்டைக்கு வெயில். ஃபேர்னஸை ஒருக்கால் போட்டுப் பாக்க இதுதான் நாள். முதல் குளிர் இரவில போட்டுப் பாத்து வேலை செய்யாட்டி, ஊர் முழுக்க அதே இரவில ரெக்னீசியனைக் கூப்பிடும். முதல் தரம் எரியேக்க தூசி கருகிற மணம் கொஞ்ச நேரம் வரும், பயப்பிட வேண்டாம். அது போகாமல் நிண்டால் நிப்பாட்டுங்கோ.

ஃபேர்னஸின்ர காத்து ஃபில்ரர். எங்கட சமையலுக்கு இது சீக்கிரம் அடைபடும். மீன் பொரிக்கிறம், தாளிக்கிறம், வெள்ளிக்கிழமையில சாம்பிராணி போடுறம். எல்லாம் அதிலதான் போய்ப் படியும். பெட்டியில மூண்டு மாதம் எண்டு போட்டிருந்தாலும் குளிர் காலத்தில மாதம் ஒருக்கால் இழுத்துப் பாருங்கோ. லைற்றுக்கு நேரே பிடிச்சு வெளிச்சம் தெரியாட்டி மாத்துங்கோ. சட்டத்தில ஒரு அம்புக்குறி இருக்கும். அது ஃபேர்னஸ் பக்கம் பாக்க வேணும். நல்ல காத்து வேணும் எண்டு கடையில இருக்கிறதிலேயே அடர்த்தியான ஃபில்ரரை வாங்கிறவையும் இருக்கினம். பழைய ஃபேர்னஸுக்கு அது மூச்சு முட்டும். ஃபில்ரரின்ர அடர்த்தியைக் காட்டிற மேர்வ் எண் 8 அல்லது 11 காணும்.

ஒக்ரோபர் 20

வெளித்தண்ணிக் குழாய். இதை விட்டவையின்ர செலவைப் பாத்திருக்கிறன், அதால வலியுறுத்திச் சொல்லுறன்.

தண்ணி உறையேக்க ஏறக்குறைய 9 சதவீதம் பெருக்கும். குழாய்க்குள்ள நிண்டு உறைஞ்சால் செம்புப் பைப்பைக் கீறிப் போடும். ஆனால் அது உறைஞ்சிருக்கிற வரைக்கும் ஒண்டும் தெரியாது. வசந்தத்தில தோட்டத்துக்குத் தண்ணி விட வெளிக்குழாயைத் திறப்பியள், சுவருக்கு உள்பக்கம் பேஸ்மென்ற் கூரைக்குள்ளால ஊத்தும். பங்குனியில வந்த உறைபனியின்ர சேதத்தை வைகாசியில காணுறது எண்டால் இதுதான்.

முதல்ல ஹோஸைக் கழட்டுங்கோ. பிறகு பேஸ்மென்ரில அந்தக் குழாய்க்குப் போற பைப்பில ஒரு வால்வ் இருக்கும், அதைப் பூட்டுங்கோ. வெளிய போய்க் குழாயைத் திறந்து விடுங்கோ. திரும்ப உள்ளுக்கு வந்து, வால்வுக்குப் பக்கத்தில இருக்கிற சின்னப் பித்தளை மூடியைத் திருகினால் மிச்சத் தண்ணி சொட்டும். கீழ ஒரு கிண்ணம் பிடியுங்கோ. வெளிக்குழாயை வின்ரர் முழுக்கத் திறந்தபடியே விடலாம். உறையாத வகைக் குழாய் எண்டு சொல்லி வித்திருந்தாலும் ஹோஸ் மாட்டின படி விட்டால் அதுவும் வெடிக்கும்.

அப்பிடியே வீட்டின்ர மெயின் வால்வ் எங்க இருக்குதெண்டும் பாருங்கோ. வீட்டில இருக்கிற எல்லாருக்கும், கீழ இருக்கிறவைக்கும் காட்டுங்கோ. எங்கட வீட்டில அதில ஒரு சிவப்பு நாடா கட்டி இருக்குது. தண்ணி பாயிற நேரத்தில தேடிக்கொண்டு நிக்க ஏலாது.

நவம்பர் 3

வின்ரருக்காக மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்கு மாத்தின நாள். மணிக்கூட்டோட காபன் மொனொக்சைட் அலாமையும் பாருங்கோ.

ஒன்ராறியோவில 2014 இல இருந்து காஸ் எரியிற வீடுகளிலயும், வீட்டோட ஒட்டின கராஜ் உள்ள வீடுகளிலயும், படுக்கிற இடத்துக்குப் பக்கத்தில காபன் மொனொக்சைட் அலாம் இருக்கவேணும் எண்டது சட்டம். கேள்வி கேட்டவருக்கு: கீழ படுக்கிற குடும்பத்துக்கும் தனி அலாம் வேணும், அதைப் போட்டுக் குடுக்கிற பொறுப்பு உங்களுக்கு. ஃபேர்னஸுக்குக் கிட்டப் படுக்கிறது அவையள்தான்.

அலாமைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கோ. முடியிற திகதி போட்டிருக்கும், ஏழு தொடக்கம் பத்து வருசம். பற்றரி மாத்தினாலும் அந்தத் திகதிக்குப் பிறகு நம்ப ஏலாது. வீடு வாங்கேக்க சுவரில இருந்ததை அப்பிடியே விட்டிருந்தால் அது எந்தக் காலத்துச் சாமானோ தெரியாது.

சத்தத்தையும் பிள்ளையளுக்குச் சொல்லிக் குடுங்கோ. மூண்டு மூண்டாய் அடிச்சால் நெருப்பு. நாலு நாலாய் அடிச்சால் காபன் மொனொக்சைட். இடைக்கிடை ஒரு கீச் எண்டால் பற்றரி அல்லது ஆயுள் முடிஞ்சிட்டுது. நாலு அடிச்சால் யன்னலைத் திறந்து பாத்துக்கொண்டு நிக்கிறேல்லை. எல்லாரையும் கூட்டிக்கொண்டு வெளிய போய் 911 எடுக்கிறது. ஜக்கெற் தேட வேண்டாம், காருக்குள்ள இருக்கலாம். ஆனால் கராஜுக்குள்ள நிக்கிற காரில இல்லை.

நவம்பர் 10

முதல் குறிப்பைப் படிச்சிட்டு, யன்னலுக்குப் பிளாஸ்ரிக் ஒட்டவே கூடாது எண்டு நான் சொல்லுறதாய் ஒருத்தர் விளங்கியிருக்கிறார். அப்பிடி இல்லை. ஒட்டுங்கோ. பழைய வீட்டு யன்னலுக்கு நல்ல வித்தியாசம் தெரியும். சட்டத்தைத் துடைச்சு ஈரம் போனாப்பிறகு ரேப், அதுக்கு மேல பிளாஸ்ரிக், பிறகு ஹெயார் ட்ரையர் பிடிச்சால் சுருக்கம் போய் இறுகும். காத்து எங்கால வருதெண்டு கண்டுபிடிக்க அதே ஊதுபத்திதான். காத்தடிக்கிற நாளில கதவு நிலை, யன்னல் விளிம்பு, வெளிச்சுவரில இருக்கிற பிளக் எல்லாத்துக்கும் கிட்டக் கொண்டு போங்கோ, புகை ஆடுற இடத்தை அடையுங்கோ. ஆனால் அறைக்கு ஒரு யன்னலாவது திறக்கக் கூடியதா இருக்கட்டும். நெருப்பு எண்டால் வெளிய வாற வழி அது. பேஸ்மென்ற் படுக்கை அறை யன்னலை எந்தக் காரணம் கொண்டும் அடைக்க வேண்டாம்.

எங்கட வீடுகளுக்கு உரிய பிரச்சினை என்னெண்டால், இறுக்கி அடைச்ச வீட்டுக்குள்ள நாங்கள் தண்ணியைக் கொதிக்க வைச்சுக்கொண்டே இருக்கிறம். காலமை பிட்டு, இடியப்பம். மத்தியானம் சோறு. பின்னேரம் பிளேன்ரீ, இரவு ரசம். அதுக்கு மேல ட்ரையருக்குக் காசு எண்டு உடுப்பை உள்ளுக்கே கொடி கட்டிக் காயப் போடுறம். அந்த நீராவி எல்லாம் எங்க போகும்? வீட்டில எது ஆகக் குளிரோ அதில போய்ப் படியும். யன்னல் கண்ணாடியில தண்ணி வடியும், மரச்சட்டம் ஊறும், வெளிச்சுவரோட ஒட்டி வைச்ச அலுமாரிக்குப் பின்னால கறுப்பாய்ப் பூஞ்சணம் பிடிக்கும். பெட்டி பெட்டியாய்ச் சீலை அடுக்கி வைச்ச அலுமாரி எண்டால் சொல்லத் தேவையில்லை. கூறைச்சீலை மடிப்பில அந்தக் கறுப்புப் புள்ளி ஏறினதைக் கண்டு அழுத ஆளை எனக்குத் தெரியும்.

ஈரப்பதம் பாக்கிற சின்னக் கருவி ஒண்டு வாங்கி வையுங்கோ, பெரிய விலை இல்லை. குளிர் காலத்தில 30 சதவீதத்துக்கும் 40 சதவீதத்துக்கும் இடையில நிண்டால் நல்லது. வெளிய மைனஸ் 20க்குப் போனால் 30க்கும் கீழ விடுங்கோ, இல்லாட்டிக் கண்ணாடி அழும். சமைக்கேக்க ஃபானைப் போடுங்கோ, சமைச்சு முடிஞ்சும் கால் மணித்தியாலம் ஓடட்டும். குளியலறை ஃபானும் அப்பிடித்தான். அந்த ஃபான் காத்தை வெளிய விடுதோ, அல்லது கறியின்ர மணத்தைச் சுத்திச் சுத்தி உங்களுக்கே திருப்பித் தருதோ எண்டும் பாருங்கோ. சில வீடுகளில அடுப்புக்கு மேல இருக்கிற ஃபானுக்கு வெளிப் பைப்பே இல்லை. அலுமாரியைச் சுவரில இருந்து நாலு விரல் தள்ளி வையுங்கோ.

ஃபானைப் போடு எண்டு இப்ப சொல்லுறன், செப்ரெம்பரில ஃபான் புகையைத் திருப்பும் எண்டு சொன்னன். ரெண்டும் முரண் இல்லை. ஃபான் வெளிய தள்ளுறதுக்கு ஈடாக் காத்து உள்ள வர வழி இருந்தால் ரெண்டும் நல்லா நடக்கும். அதுக்குத்தான் அந்தப் பைப்பைப் பற்றி அந்த இரவே எழுதினனான். குளிரை விட, மூச்சு விட வழியில்லாத வீட்டுக்குத்தான் நான் பயம்.

நவம்பர் 24

மார்கழி விடுமுறைக்கு ஊருக்குப் போறவைக்கு. வீட்டுச் சூட்டளவை வைக்கிற தேர்மோஸ்ராற்றை 10 பாகையில விட்டிட்டுப் போகாதேங்கோ. வீட்டின்ர நடுவில 10 எண்டால் வெளிச்சுவருக்குள்ள பைப் இருக்கிற இடத்தில அதை விடக் குறைவு. 15, 16இல விடுங்கோ. மெயின் வால்வைப் பூட்டி, ஆகக் கீழ இருக்கிற குழாயையும் மேல் மாடிக் குழாயையும் திறந்து தண்ணியை வடிய விட்டிட்டுப் போறது இன்னும் நல்லது. கீழ ஆக்கள் இருந்தால் அது சரிவராது, அவையிட்டச் சொல்லி வையுங்கோ.

இன்சுரன்ஸ் பொலிசியை எடுத்துப் படியுங்கோ. குளிர் காலத்தில நாலு நாளுக்கு மேல வீட்டில ஆள் இல்லாட்டி, யாரும் வந்து பாக்க ஒழுங்கு செய்திருக்க வேணும், அல்லது தண்ணியைப் பூட்டி வடிச்சிருக்க வேணும் எண்டு கனக்கப் பொலிசியளில இருக்குது. இல்லாட்டி உறைஞ்சு வெடிச்ச பைப்புக்குக் காசு தரமாட்டினம். திறப்பை வாங்கின ஆள் உள்ளுக்குப் போய் ஹீற் இருக்குதோ எண்டு பாக்க வேணும். வெளியால காரில நிண்டு வீட்டைப் பாத்திட்டுப் போறது காணாது.

டிசம்பர் 20

இந்தக் கிழமை வந்தால் எனக்கு 2013 ஞாபகம் வரும். டிசம்பர் 21 இரவு தொடங்கி 22 விடிய வரைக்கும் ஃபிறீசிங் ரெயின். மழையாத்தான் விழும், பட்ட இடத்தில கண்ணாடியாய் உறையும். விடியக் காலமை கொப்பு முறியிற சத்தம் துவக்கு வெடிக்கிற சத்தமாய்க் கேட்டுது. ரொறன்ரோவில மட்டும் 3 லட்சத்துக்கு மேற்பட்ட இணைப்புகளுக்கு ஹைட்ரோ, அதாவது கறண்ட் இல்லை. நத்தார் முடிஞ்சும் சில தெருக்கள் இருட்டாவே கிடந்தது.

அண்டைக்குக் கனபேர் அறிஞ்ச விசயம், காஸ் ஃபேர்னஸுக்கும் கறண்ட் வேணும் எண்டது. காஸ் வந்துகொண்டுதான் இருக்குது. பத்த வைக்கிற பொறிக்கும், சூட்டை ஊதுற ஃபானுக்கும் கறண்ட் இல்லை. அதால எல்லாம் நிண்டு போச்சு. "எங்களுக்குக் காஸ்தானே, பயமில்லை" எண்டு இருந்தவையும் விறைச்சவை.

அந்த நாளில சனம் கரி பாபிகியூவை வீட்டுக்குள்ள கொண்டு வந்து மூட்டினது. அப்பாட்மென்ற் ஆக்களும் மூட்டினவை. காபன் மொனொக்சைட் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனவை நிறையப் பேர். ஊரில தென்னமட்டை எரிச்ச குசினிக்கு ஓட்டுக்கூரை, புகை போக இடம் இருந்தது. இஞ்ச அந்த இடம் இல்லை. கரி தணல் அடங்கினாப் பிறகும் விசத்தை விட்டுக்கொண்டுதான் இருக்கும். ஜெனரேற்றரைக் கராஜுக்குள்ள ஓட விடுறதும் அதே கதைதான், கதவு திறந்திருந்தாலும். வீட்டில இருந்து ஆறு மீற்றராவது தள்ளி, வெளிய மட்டும்தான்.

நாங்கள் என்ன செய்தனாங்கள்: எல்லாரும் ஒரு அறைக்கு மாறினம், ஆகச் சின்ன அறை, தெற்குப் பக்கம். கதவடியில துவாய் சுருட்டி வைச்சம், ஆனால் அந்த அறையில எதையும் எரிக்கேல்லை. வெளிச்சத்துக்கு ரோர்ச். குத்துவிளக்கு ஏத்துவம் எண்டு மாமி கேட்டா, விடேல்லை. படுக்கை விரிப்பு நிறைஞ்ச அறையில திறந்த நெருப்பு வேண்டாம் எண்டு சொல்லிப் போட்டன். கார் கராஜுக்கு வெளிய நிண்டது, ஃபோன் சார்ஜ் அதில. பிறகு வீடு 8 பாகைக்கு இறங்க, மெயினைப் பூட்டித் தண்ணியை வடிச்சிட்டு மிசிசாகாவில அண்ணை வீட்டுக்குப் போனம். போக முடிவெடுக்கக் கடைசி வரைக்கும் பாத்துக்கொண்டு இருக்கிறதில பெருமை ஒண்டும் இல்லை. வயது போனவை இருந்தால் முதல் நாளே போங்கோ.

ஒரு பெட்டியில இப்பவே போட்டு வையுங்கோ: ரோர்ச், பற்றரி, பற்றரியில வேலை செய்யிற ரேடியோ, குடிதண்ணி, சமைக்காமல் சாப்பிடக் கூடியது, மருந்து, கறண்ட் இல்லாட்டியும் சூடு தரக் கூடிய போர்வை. அவல், சீனி, தேங்காய்ப்பூ இருந்தால் எங்கட பிள்ளையள் ஒரு நாள் சமாளிப்பினம்.

டிசம்பர் 22

ஒராள் 1999ஐ நினைவுபடுத்தியிருக்கிறார். அந்த ஜனவரியில ஸ்னோ விழுந்தபடியே இருக்க, ரொறன்ரோ மேயர் மெல் லாஸ்ற்மன் ராணுவத்தைக் கூப்பிட்டவர். "ஆமி வருது" எண்டு செய்தியில கேட்ட உடன எங்கட அம்மா அடையாள அட்டை எங்க எண்டு தேடத் தொடங்கிட்டா. அவ வந்து அதிக காலம் ஆகேல்லை. சவல் பிடிச்சுப் பனி அள்ள வந்த ஆமியை ரீவியில காட்டினாப் பிறகுதான் வந்து கதிரையில இருந்தா. புதுசா வந்த தாய் தகப்பனுக்குப் புயல் அறிவிப்பு, சைரன், ஃபோனில அடிக்கிற அவசரச் சத்தம் என்னெண்டு முதலே சொல்லி வைக்கிறதும் வின்ரர் ஆயத்தம்தான்.

ஜனவரி 13, 2025

நாளைக்குப் பொங்கல். கராஜுக்குள்ள புறொப்பேன் அடுப்பு வைச்சுப் பொங்கிறவைக்கு: பெரிய கதவை முழுக்கத் திறந்தாலும் அது வேண்டாம்.  வீட்டுக்குள்ள போற கதவை மூடி வையுங்கோ. அடுப்பை ட்ரைவ்வேக்கே கொண்டு வந்து, காத்துக்கு ஒரு பக்கம் மட்டும் பலகை மறைப்புக் கட்டுங்கோ. கோலம் போடப் பனியை வழிச்சால் அந்த இடத்தில உப்புப் போடாமல் மணல் போடுங்கோ, உப்பு பட்டால் பனி கரைஞ்சு கோலமாவும் ஈரமாகிப் போயிடும். பானை பொங்கக் கொஞ்சம் நேரம் எடுக்கும், பொறுமையா நில்லுங்கோ. சிலிண்டரை வீட்டுக்குள்ளயோ பேஸ்மென்ரிலயோ கொண்டு போய் வைக்க வேண்டாம்.

ஜனவரி 21

கடுங்குளிர். குசினிச் சிங் வெளிச்சுவரோட இருந்தால் கீழ் அலுமாரிக் கதவைத் திறந்து விடுங்கோ, வீட்டுச் சூடு பைப்புக்குப் போகட்டும். இரவுக்குக் குழாயை நூல் அளவு ஒழுக விடுங்கோ. உறைஞ்சு போனால் குழாயைத் திறந்தபடி விட்டு, குழாய்ப் பக்கத்தில இருந்து ஹெயார் ட்ரையர் பிடியுங்கோ. நெருப்புக் காட்ட வேண்டாம்.

கேள்வி கேட்டவர் திரும்ப எழுதியிருக்கிறார்: கீழ இருக்கிற குடும்பம் குளிருது எண்டு ஹீற்றர் வாங்கி, எக்ஸ்ரென்சன் வயரில போட்டிருக்கினமாம். அந்த வயரைத் தொட்டுப் பாருங்கோ, சூடாயிருக்கும். ஹீற்றர் சுவர்ப் பிளக்கில மட்டும்தான், துணியில இருந்து ஒரு மீற்றர் தள்ளி, படுக்கேக்க நிப்பாட்டி. ஆனால் முதல் கேள்வி, அவைக்கு ஏன் குளிருது எண்டது. தேர்மோஸ்ராற் மேல் மாடியில, உங்கட குசினிச் சூட்டில நிக்குது. மேல 22 காட்ட, கீழ 17ஆய் இருக்கும். ரொறன்ரோவில வாடகைக்கு விட்ட இடத்தில 21 பாகை குடுக்க வேணும் எண்டது நகரச் சட்டம். அது கீழ நிண்டு அளக்கிற 21. மேல் மாடி வென்ற்றைப் பாதி மூடிக் கீழ காத்தைத் தள்ளிப் பாருங்கோ, ஃபானை எப்பவும் ஓடுற நிலையில விட்டுப் பாருங்கோ. நாங்களும் ஒரு காலம் யாருடையோ பேஸ்மென்ரில கம்பளிச் சட்டையோட படுத்தெழும்பின ஆக்கள்தானே.

பெப்ரவரி 16

ஒரே கிழமைக்குள்ள ரெண்டாவது புயல். ட்ரைவ்வேயை விடுங்கோ. முதல்ல வீட்டின்ர பக்கச்சுவருக்குப் போங்கோ. ஃபேர்னஸின்ர ரெண்டு வெள்ளைக் குழாயும் பனிக்குள்ள தாண்டிருந்தால் கையால தோண்டி எடுங்கோ. சவல் குத்தினால் குழாய் உடையும். சுத்திவர ஒரு முழம் வெளியாய் இருக்கட்டும். ட்ரையர் வென்ற், காஸ் மீற்றர் எல்லாத்தையும் பாருங்கோ. 2022 ஜனவரி 17, ரொறன்ரோ நடுவில அரை மீற்றருக்கு மேல கொட்டின நாள், எங்கட தெருவில ஃபேர்னஸ் நிண்ட வீடுகள் எல்லாத்திலயும் காரணம் இதுதான்.

பனி அள்ளுறது பற்றி. ஐம்பதுக்கு மேற்பட்ட ஆம்பிளையள், சீனி, பிறஷர் உள்ளவை, காலமை எழும்பின கையோட போய்ப் பாரமான பனியைத் தூக்கி எறியாதேங்கோ. இருதயம் நிக்கிற வேலை அது. விழ விழக் கொஞ்சம் கொஞ்சமாய்த் தள்ளுங்கோ. தள்ளுங்கோ எண்டு சொன்னன், தூக்காதேங்கோ. பக்கத்து வீட்டுப் பெடியனுக்குக் காசு குடுத்துச் செய்விச்சால் ஒருத்தரும் குறைவாய் நினைக்கமாட்டினம்.

சாதாரண உப்பு மைனஸ் 10க்குக் கீழ பெருசா வேலை செய்யாது. அந்த நேரம் மூட்டை மூட்டையாய்க் கொட்டிறது வீண், கொங்கிறீற்றும் அரியும், கரைஞ்சது ஏரிக்குத்தான் போகும். மணல் போடுங்கோ, கால் பிடிக்கும்.

பெப்ரவரி 25

கரையத் தொடங்கிட்டுது. கூரைத் தண்ணி இறங்கிற பைப்பின்ர வாய் பனிக்குள்ள மூடுப்பட்டிருந்தால் இண்டைக்கே வெட்டி விடுங்கோ. தண்ணி சுவரோட தேங்கினால் பேஸ்மென்றுக்குள்ளதான் வரும். சுவரில இருந்து ரெண்டு மீற்றர் தள்ளிப் போகிற மாதிரி வாய்க்கால் கிழியுங்கோ. பேஸ்மென்ரில நிலத்தில வைச்சிருக்கிற பெட்டி, அரிசி மூட்டை எல்லாத்தையும் பலகைக்கு மேல ஏத்துங்கோ. பேஸ்மென்ற் குழியில சேருற தண்ணியை வெளிய இறைக்கிற சம்ப் பம்ப் இருந்தால் குழிக்குள்ள ஒரு வாளி தண்ணி ஊத்தி, அது தானாத் தொடங்குதோ எண்டு பாருங்கோ.

கேள்வி கேட்டவருக்கு: காஸ் பில் எவ்வளவு வந்தது எண்டு போடுங்கோ. மாமாவும் பாக்கட்டும்.